ரோசா இலையில் ஒரு வட்டம்

(பாடசாலையின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டு வலி என்று ஏதாவது சொல்லுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். செயலாளர் அக்காவும் அப்படித்தான் எதிர்பார்த்தார். "தேனீயைப் பற்றிப் பேசப் போகிறேன்" என்று தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தேன் சாப்பிட்டால் சீனி கூடுமோ எண்டதைப் பற்றியோ?" என்று கேட்டார். இல்லை அக்கா, இது தேனே தராத ஒரு தேனீயைப் பற்றியது. உலகிலேயே பெரிய தேனீ. இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளில் மட்டும் வாழ்வது. நான் அதை நேரில் கண்டதில்லை. அதைக் கண்டவர்களை இரண்டு கை விரல்களால் எண்ணிவிடலாம் என்று நினைக்கிறேன், அந்தத் தீவுகளின் மக்களை விட்டுவிட்டால்.

ஏன் அந்தத் தேனீ, ஏன் இந்த மண்டபத்தில் என்று கேட்பீர்கள். அதற்கு முதலில் எங்கள் விலங்கியல் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் இருந்த ரோசாப் பாத்திக்குப் போக வேண்டும்.

நாங்கள் பத்தாம் ஆண்டு படித்த காலம். பாத்தியில் நின்ற ரோசாச் செடிகளின் இலைகள் ஒரு கிழமையாக ஓரங்களில் வெட்டுப்பட்டிருந்தன. புழு தின்றது போல் கிழிசலாக இல்லை. ஐம்பது சத நாணயத்தை வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டியது போல், அச்சொட்டான அரைவட்டம். மயிர்க்கொட்டி என்றாள் ஒருத்தி. வெட்டுக்கிளி என்றாள் இன்னொருத்தி. நான் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளின் வேலை என்றேன். ரீச்சர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு கொப்பியைத் திறக்கச் சொன்னார். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடது பக்கத்துக்கு மேலே "கண்டது", வலது பக்கத்துக்கு மேலே "கருதியது". "நீங்கள் மூண்டு பேரும் சொன்னது எல்லாம் வலது பக்கம். இடது பக்கம் வெறுமையாய்க் கிடக்கு. போய் இருந்து பாருங்கோ" என்றார்.

இரண்டு நாள் இடைவேளைகளில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள், கறுப்பான சின்ன ஈ ஒன்று வந்து இலை விளிம்பைக் கால்களால் பிடித்துக்கொண்டு, எங்கள் கண் முன்னாலேயே வட்டமாக வெட்டி, வெட்டிய துண்டைச் சுருட்டிக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு பறந்தது. சில செக்கன்தான். நாங்கள் ஓடிப்போய், "ரீச்சர், தேனீ!" என்றோம். "தேனீ எண்டு கண்டியளோ, கருதினியளோ?" என்று கேட்டார். இடது பக்கத்தில் "நான்கு சிறகுள்ள கறுப்புப் பூச்சி, இலையை வட்டமாக வெட்டியது" என்று எழுதினோம். பெயர் எழுத அவர் விட்டது ஒரு கிழமைக்குப் பிறகு. பிடித்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, வயிற்றின் அடிப்பக்கத்தில் மகரந்தம் ஒட்டிய தூரிகை போன்ற உரோமங்களைக் காட்டிய பிறகுதான், "இது இலைவெட்டித் தேனீ. சாதிப் பெயர் மெகாசைல்" என்றார். கிரேக்க மொழியில் பெரிய உதடு என்று பொருள். உயிரியல் பாடத்தில் சாதி என்றால் என்ன, இனம் என்றால் என்ன என்று இங்கே விஞ்ஞானம் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் பயப்பட வேண்டாம்; நம் ஊர்ச் சாதிக்கும் இனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அந்த ஆண்டு நாங்கள் ஒரு பெரிய பிஸ்கற் தகரத்தில் பூச்சிகளைச் சேர்த்தோம். ஒவ்வொரு பூச்சியையும் ஊசியில் குத்தி, ஊசியின் கீழே சிறிய சீட்டில் இடம், திகதி, பிடித்தவர் பெயர் எழுதினோம். 1995 ஒக்டோபரில் இடம்பெயர்ந்தபோது அதை யார் நினைத்தார்கள்? உடுத்த உடுப்போடு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்து ஆய்வுகூடத்தைத் துப்புரவு செய்தபோது தகரம் அலுமாரிக்கடியில் திறந்தபடி கிடந்தது. பூச்சிகளை எறும்பு தின்றுவிட்டது. ஊசிகளும் சீட்டுகளும் மட்டும் வரிசை குலையாமல் நின்றன. நான் அழுதேன். ரீச்சர் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். "இந்த இடத்தில, இந்த நாளில ஒண்டு இருந்தது எண்டு சீட்டுச் சொல்லும். ஆனா நாங்கள் வைச்ச பெயர் சரியோ பிழையோ எண்டு இனி ஒருத்தரும் பாக்கேலாது" என்றார். அந்த வாக்கியத்தின் முழுப் பொருள் எனக்கு விளங்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

அது மலையகத்தில் ஒரு வைத்தியசாலையில். நான் அப்போது இளம் வைத்தியர். கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆறு பேரைக் குளவி கொட்டிவிட்டது என்று லொறியில் கொண்டுவந்தார்கள். நான் ஒவ்வொருவருடைய அட்டையிலும் "குளவிக் கொட்டு" என்று எழுதினேன். அவர்களில் வயதான ஒருவருக்கு முகத்திலும் கையிலும் இருபது இடங்களில் வீக்கம். ஊசி போட்டேன். இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. மாலையில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தேன்.

அவரோடு கூட வந்த ஓர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துச் செத்த பூச்சி ஒன்றைக் காட்டினார். "டாக்டரம்மா, குளவின்னுதான் எல்லாரும் சொல்வாங்க. ஆனா இது பெரிய மரத்துல அடை கட்டித் தொங்குமே, அந்தப் பெரிய தேனீங்க. இதுக்குக் கொடுக்கு உள்ளேயே நின்னுடும். தலையைப் பாருங்க" என்றார்.

குளவி கொட்டினால் கொடுக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடும். தேனீயின் கொடுக்கில் முள் உண்டு. தோலில் மாட்டி, நஞ்சுப் பையோடு கழன்று நிற்கும். பல மணி நேரத்துக்குப் பிறகு அதைப் பிடுங்குவதால் ஏறிய நஞ்சு இறங்காது. ஆனால் கொடுக்குகளை எண்ணினால் எவ்வளவு நஞ்சு ஏறியது என்று கணிக்கலாம். கொண்டையை அவிழ்த்துப் பார்த்தோம். தாதியும் நானும் நூறு வரை எண்ணினோம். அதன் பிறகும் இருந்தன. இருபது என்று நினைத்து வீட்டுக்கு அனுப்ப இருந்தேன். விசேட வைத்திய நிபுணர் வந்து, இரவு முழுவதும் சேலைன் ஏற்றிச் சிறுநீரைக் கவனிக்கச் சொன்னார். விடியற்காலையில் சிறுநீர் தேயிலைச் சாயம் போல் வந்தது. தசைகள் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியதன் அடையாளம். நல்ல வேளை, அவர் வைத்தியசாலையில் இருந்தார். ஒரு கிழமையில் சுகமாகி நடந்து போனார்.

பிழை என்னுடையது. "குளவி" என்ற சொல்லைக் கேட்டேன், எழுதினேன், அதற்கு மேல் பார்க்கவில்லை. வலது பக்கத்தில் எழுத வேண்டியதை இடது பக்கத்தில் எழுதினேன். பூச்சியைப் பார்த்தவர் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தபடியால்தான் அந்த அம்மா பிழைத்தார். எறும்பு தின்ற எங்கள் தகரப் பெட்டி அன்று இரவு ஞாபகத்துக்கு வந்தது. அன்று தொடங்கியதுதான் தேனீக்களை வகைப்படுத்துவது பற்றிய என் வாசிப்பு. அப்படித்தான் அந்தப் பெரிய தேனீயின் கதையை அறிந்தேன்.

கதை அல்பிரட் ரசல் வொலஸ் என்ற ஆங்கிலேயரிடம் தொடங்குகிறது. அவரும் ஒரு முறை சேகரிப்பைப் பறிகொடுத்தவர். அமேசன் காடுகளில் நான்கு ஆண்டுகள் சேர்த்தவற்றோடு ஊர் திரும்பும்போது, 1852இல் நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. பத்து நாட்கள் படகில் மிதந்து உயிர் தப்பினார். மனம் விடவில்லை. 1854இல் நமது காலித் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுகளில் அலைந்து ஒரு இலட்சத்து இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளைச் சேர்த்தார். 1858இன் தொடக்கத்தில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதை டார்வினுக்கு எழுதி அனுப்பினார் என்பது எல்லோரும் அறிந்த கதை.

அதே ஆண்டு ஒக்டோபரில் பாச்சான் என்ற தீவுக்குப் போனார். அடுத்த ஏப்ரல் வரை அங்கே தங்கினார். அந்தக் காலத்தில் பிடிபட்டதுதான் இந்தத் தேனீ. ஒன்றே ஒன்று, பெண். கட்டைவிரல் அளவு பூச்சி. நீளம் ஏறத்தாழ 38 மில்லிமீற்றர். சிறகை விரித்தால் ஆறு சென்ரிமீற்றருக்கு மேல். நிலக்கரி போன்ற கறுப்பு. வண்டுக்கு இருப்பது போல் முன்னே நீண்ட பெரிய தாடைகள். வொலஸ் அதைப் பெரிய கறுப்புக் குளவி போன்ற பூச்சி என்று குறித்துக்கொண்டார். கவனியுங்கள், குளவி என்று எழுதவில்லை. குளவி போன்ற என்றே எழுதினார். இடது பக்கத்து ஆள்.

அது இலண்டனுக்குப் போய், பிரித்தானிய நூதனசாலையில் இருந்த பிரடெரிக் ஸ்மித் என்பவரின் கைக்கு வந்தது. அடிப்படையில் செதுக்கு வேலைக்காரர், நுணுக்கமான கண். அவர் 1860ஆம் ஆண்டளவில் அதை விவரித்து "மெகாசைல் புளூட்டோ" என்று பெயரிட்டார். புளூட்டோ உரோமரின் பாதாள தெய்வம். மெகாசைல் யார்? எங்கள் ரோசாப் பாத்திக்காரிதான். விரல் நகத்தளவு இலைவெட்டியும் கட்டைவிரலளவு கறுப்பு அரக்கியும் ஒரே சாதி என்றார் ஸ்மித்.

எப்படிச் சொல்ல முடிந்தது? இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தேனீயை அடையாளம் காண்பது நோயை நிர்ணயிப்பது போல், படிப்படியாக இறங்கும் வேலை.

முதற் கேள்வி, இது தேனீயா குளவியா என்பது. நிறத்தாலும் பருமனாலும் சொல்ல முடியாது. உருப்பெருக்கியில் உரோமத்தைப் பார்க்க வேண்டும். தேனீயின் உரோமங்களில் சிலவாவது இறகு போல் கிளைவிட்டிருக்கும்; மகரந்தம் ஒட்டுவதற்காக. குளவிக்கு அப்படி இராது.

இரண்டாவது, எந்தக் குடும்பம். நாம் அறிந்த தேன் கூட்டுத் தேனீ மகரந்தத்தைப் பின்னங்கால்களில் உருண்டையாகக் கொண்டு போகும். மெகாசைல் குடும்பத்துப் பெண்கள் வயிற்றின் அடியில் உள்ள தூரிகையில் கொண்டு போவார்கள். முன் சிறகின் மேல்விளிம்பை ஒட்டி நரம்புகளுக்கிடையில் சிறு அறைகள் வரிசையாக இருக்கும். மரத்தைத் துளைக்கும் பெரிய கறுப்பு வண்டு என்று நாம் சொல்கிறோமே, உண்மையில் அதுவும் தேனீதான், அதற்கு மூன்று அறை. மெகாசைல் குடும்பத்துக்கு இரண்டு. பருமனைப் பார்த்து ஏமாறுகிறவரை இந்த ஓர் அறை காப்பாற்றும்.

மூன்றாவது, சாதிக்குள் எந்தப் பிரிவு. இதற்குப் பல்லைப் பார்க்க வேண்டும். இலைவெட்டிகளின் தாடைப் பற்களுக்கிடையில் கத்தரிக்கோல் போன்ற மெல்லிய வெட்டு விளிம்பு உண்டு. பிசினும் மண்ணும் கொண்டு கூடு கட்டும் வகையினருக்கு அந்த விளிம்பு இல்லை. புளூட்டோவுக்கும் இல்லை. எனவே இது இலை வெட்டும் ஆளல்ல. பல்லைப் பார்த்துத் தொழிலைச் சொல்லலாம்.

இந்தப் பற்களால் ஒரு பெயர்த் தகராறும் வந்தது. வெட்டு விளிம்பு இல்லாதவற்றை வேறாக்கிக் கலிக்கொடோமா என்ற தனிச் சாதியில் பலர் வைத்தார்கள். கடந்த நூற்றாண்டில் நமது தேனீக்கும் அதுவே பெயர். பின்னர் தேனீ வகைப்பாட்டில் பெரியவரான சார்ள்ஸ் மிச்செனர், 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட உலகத் தேனீக்கள் பற்றிய நூலில், இவற்றையெல்லாம் மீண்டும் மெகாசைல் என்ற ஒரே சாதிக்குள் சேர்த்தார். ஸ்மித் வைத்த பெயரே திரும்பி வந்தது. சாதிப் பெயர் மாறலாம். வகைப்பாடு என்பது அன்றுவரை தெரிந்ததைக் கொண்டு சொல்லும் கருத்து. ஆனால் அந்த முதற் பூச்சி மாறாது. அதை மாதிரி வகை என்பார்கள். ஸ்மித் பார்த்த அதே பூச்சி இன்றும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று நூதனசாலையில் ஊசியில் நிற்கிறது. பெயரில் சந்தேகம் வந்தால் யாரும் அங்கே போய்ப் பார்க்கலாம். ரீச்சர் சொன்னது அதுதான்.

இந்தக் காலத்தில் ஒரு காலை எடுத்து மரபணுவின் அறுநூற்றைம்பது எழுத்துகளளவு வாசித்து இனத்தைச் சொல்லும் முறை இருக்கிறது. நல்ல முறை. ஆனால் வாசித்ததை ஒப்பிட, சரியாகப் பெயரிட்ட பூச்சி ஒன்று ஏற்கனவே வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கொண்டையை அவிழ்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும்தானே.

இங்கே ஒரு சிறு செய்தி. அதே ஸ்மித், 1854இல், இலங்கையிலிருந்து போன ஒரு தேனீயையும் விவரித்துப் பெயரிட்டார். அது கொடுக்கில்லாத சிறு தேனீ. நான்கு மில்லிமீற்றர்தான். பழைய சுவர்ப் பொந்துகளில் பிசினால் சிறு குழாய் வைத்து வாசல் கட்டும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். எட்டுப் பத்து இலங்கைத் தேனீக்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு புளூட்டோவின் நீளம் வரும். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே உருப்பெருக்கியின் பொறுமையோடு பார்த்தார்.

ஆனால் பெயர் வைத்தாகிவிட்டது என்பதால் அறிந்தாகிவிட்டது என்று ஆகாது. ஒரே ஒரு செத்த பெண் பூச்சி எதைச் சொல்லும்? ஆண் எப்படி இருக்கும், எங்கே கூடு கட்டும், இத்தனை பெரிய தாடை எதற்கு, ஒன்றுக்கும் விடையில்லை. நூற்றிருபது ஆண்டுகள் இந்த இனத்தை ஒருவரும் காணவில்லை. அழிந்துபோனது என்றே பலர் நினைத்தார்கள்.

1981இல் அடம் மெசர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் அதே தீவுகளில் அதைக் கண்டார். எங்கே? மரத்தில் தொங்கும் கறையான் கூடுகளுக்கு உள்ளே. கறையான்கள் குடியிருக்கும் கூட்டைத் துளைத்து, சுரங்கம் போட்டு, சுவர் முழுவதும் மரப்பிசின் பூசி, அதற்குள் இந்தத் தேனீ குஞ்சுகளை வளர்க்கிறது. பிசின் பூச்சுத் தேனீயையும் கறையானையும் பிரித்து வைக்கிறது. தாடையின் இரகசியமும் தெரிந்தது. குங்கிலிய மரக் குடும்பத்து மரங்களில் வடியும் பிசினைச் சுரண்டி, பெரிய உருண்டையாக்கித் தூக்கிவர அந்தத் தாடை வேண்டும். ஒரே கூட்டில் பல பெண் தேனீக்கள் சேர்ந்திருப்பதையும் கண்டார். ஆணையும் கண்டார். அது 23 மில்லிமீற்றரளவுதான். பெரிய தாடையும் இல்லை. தனியாக எங்காவது பிடிபட்டிருந்தால் வேறோர் இனம் என்று வேறு பெயர் வைத்திருப்பார்கள். ஒரே கூட்டில் கண்டபடியால்தான் குடும்பம் சேர்ந்தது. 1984இல் இவற்றை எழுதி வெளியிட்டார்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று. அத் தீவுகளின் மக்களிடம் அதற்குப் பெயர் இருந்தது. ராஜா ஓபு என்று சொன்னார்கள். தேனீக்களின் அரசன். ஊரில் பெயரோடு இருந்ததைத்தான் உலகம் காணாமற் போனது என்று எழுதி வைத்திருந்தது. முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அம்மாவை எனக்கு அப்போது நினைவு வந்தது.

மெசருக்குப் பிறகும் நீண்ட மௌனம். 2019 ஜனவரியில் கிளே போல்ட் என்ற புகைப்படக் கலைஞர், ஈலை வைமன் என்ற தேனீ ஆய்வாளர், சைமன் ரொப்சன், கிளென் சில்ற்றன் ஆகியோர் வட மொலுக்கஸுக்குப் போனார்கள். நாட்கணக்காகக் கறையான் கூடுகளைப் பார்த்துக் களைத்த நிலையில், நிலத்திலிருந்து இரண்டரை மீற்றர் உயரத்தில் ஒரு கூட்டில் வட்டத் துவாரம் தெரிந்தது. உள்ளே ஒரு பெண் தேனீ. உயிருள்ள இத் தேனீயின் முதற் படங்கள் அன்றுதான் எடுக்கப்பட்டன. படம் எடுத்த பின் அதை அதன் கூட்டிலேயே விட்டுவிட்டார்கள். எந்தத் தீவில், எந்த இடத்தில் என்று உலகத்துக்குச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அதற்கு முந்திய ஆண்டு, 2018இல், இதே இனத்தின் செத்த பூச்சி ஒன்று இணைய ஏலத்தில் 9,100 அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டது. அந்த விலை வந்துவிட்டால் ஒரு கூட்டின் இருப்பிடம் என்பது ஒரு புதையலின் வரைபடம். தோண்டுவதற்கு ஆட்கள் வருவார்கள். இன்னொரு பக்கம், கூடு கட்டக் கறையான் கூடும் பிசின் மரமும் வேண்டிய இந்தத் தேனீயின் காடுகளே குறைந்து வருகின்றன. பக்கத்து ஹல்மஹேராத் தீவில் நிக்கல் சுரங்கங்களுக்காகக் காடு வெட்டுப்படுகிறது. அந்த நிக்கல் மின்கலங்களுக்குப் போகிறது. ஒருவேளை நம் கைகளுக்கும் வரலாம்.

இங்கேதான் ஒரு சங்கடம். பெயர் இல்லாத ஓர் உயிரைக் காக்கச் சொல்லி ஒருவரையும் கேட்க முடியாது. சட்டத்தில் எழுதப் பெயர் வேண்டும், பட்டியலில் சேர்க்கப் பெயர் வேண்டும். ஆனால் பெயர் பரவியவுடன் விலையும் பரவுகிறது. வைத்தியர்களுக்கு இது பழகிய சங்கடம். நோயின் பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பது கடமை. கண்ட பெயரை யாருக்குச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதும் அதே அளவு கடமை. பெயர் வைத்தவருக்கு அதோடு வேலை முடிவதில்லை. அங்கேதான் பொறுப்புத் தொடங்குகிறது. அந்த நான்கு பேரும் படத்தைத் தந்தார்கள், இடத்தைத் தரவில்லை. அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

உலகில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தேனீ இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை. நமக்குத் தேன் தருவதில்லை. தனியாக மண்ணில், தடியில், சுவரில் கூடு வைத்து, நம் கத்தரிக்கும் பூசணிக்கும் காய் தந்துவிட்டுப் போகின்றன. இலங்கையில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. இந்த வளவுக்குள் எத்தனை? எனக்குத் தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். தெரியாது என்பது வெட்கமில்லை. இடது பக்கம் வெறுமையாய்க் கிடக்கிறது, அவ்வளவுதான்.

எனவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நூற்றாண்டுக்காகக் கட்டடம் வருகிறது, கணினி வருகிறது, மகிழ்ச்சி. அவற்றோடு ஆய்வுகூடத்துக்கு ஒரு நல்ல உருப்பெருக்கியும், எறும்பு ஏறாத மூடியுள்ள ஒரு மரப்பெட்டியும், ஒரு பெரிய கொப்பியும் நாங்கள் 1998 உயர்தர வகுப்பு மாணவிகள் தருகிறோம். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு போட்டாயிற்று. இந்த வளவில் காணும் தேனீக்களைப் பிள்ளைகள் எழுதட்டும். இடம், திகதி, பூ, கண்டவர் பெயர். இனப் பெயருக்கும் ஒரு நிரல் இருக்கிறது. அதை அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம். ஆண்டுக்கணக்கில் வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை. அறிந்தவர் ஒருவர் ஒரு நாள் வந்து பார்த்து நிரப்புவார். அதுவரை பெட்டியை மூடி வையுங்கள்.

வெளிநாடுகளில் இருக்கும் அக்காமாரும் தங்கைமாரும் உங்கள் வீட்டு ரோசாச் செடியில் வட்டமாக வெட்டிய இலையைக் கண்டால் மருந்து அடிக்க வேண்டாம். அவள் எங்கள் பழைய சிநேகிதி. செடிக்கு அவளால் பெரிய கேடில்லை. கிட்டப் போய் இருந்து பாருங்கள்.

எங்கள் ரீச்சர் இன்று நம்மோடு இல்லை. இருந்திருந்தால், இந்த உரையில் எத்தனை வாக்கியம் இடது பக்கம், எத்தனை வலது பக்கம் என்று கேட்டிருப்பார். ஒரு புள்ளியாவது குறைத்திருப்பார் என்பது நிச்சயம். அவருக்கும், எங்களைப் பார்க்கப் பழக்கிய எல்லா ஆசிரியைகளுக்கும் என் வணக்கம்.

வாழ்க எம் பாடசாலை.